மாடிக்குக் கேட்காத வேகம்

ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்கவே கை கூசுகிறது, இருந்தாலும் கேட்கிறேன். போன முறை உன்னைப் பார்க்க வந்தபோது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இளைத்துத் தெரிந்தாய். "இந்தக் கண்ணாடி எல்லாரையும் அப்படித்தாம்மா காட்டும்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி சொன்னாள். நம்பிக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டேன்.

உன் அறையைத் திறந்தேன். சுவரில் ஈரம் ஏறிவிட்டது. வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் உன் அட்டைப்பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. கம்ப்யூட்டர் நானே செய்யப்போகிறேன் என்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினாயே, அவைதான். கடைசிப் பெட்டி வந்தது நீ ஜெயிலுக்குப் போன அதே வாரம். கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான். அது வாசலில் யார் மணி அடித்தாலும் போலீஸ் என்று நினைத்த காலம். கம்ப்யூட்டருக்கு ஃபேன் கொண்டுவந்தவரைப் பார்த்து அழுதேன். பாவம், அவர் பயந்துவிட்டார்.

ஆறு வருஷமாகத் தூசி தின்கிறது. விற்றுவிடட்டுமா? பழைய சாமான் எடுக்கிற கடை ஒன்றை எங்கள் பரிசோதனைக்கூடத்தில் சொன்னார்கள்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. காலையில் போய் ஊரார் ரத்தத்தைக் குழாயில் போட்டுச் சுற்றவைக்கிறேன், மாலையில் வருகிறேன். அம்மா போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. தண்ணீர்க் குழாயை மூடினால் உலகமே நின்றுபோன மாதிரி இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 1

அன்புள்ள அக்காவுக்கு,

விற்காதே. உன் காலில் விழுகிறேன், விற்காதே.

நீ ரத்த மாதிரிக் குழாயில் ஒட்டுகிற சீட்டைக் கோணாமல் ஒட்டுகிறவள். உன் கை நடுங்காது. நீயே அதைச் சேர்த்துவிடலாம். நான் எழுதுகிறேன், நீ செய். எனக்கு இங்கே தச்சுக்கூடத்தில் பகல் போய்விடுகிறது. கதவை அடைத்த பிறகு யோசிக்க ஒரு பொருள் வேண்டும். இத்தனை நாள் அந்தப் பெட்டிகளைத்தான் மனசுக்குள் பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பாய்.

முதலில் பெரிய பெட்டியிலிருந்து மதர்போர்டை எடுத்து, அது வந்த அட்டையின் மேலேயே வை. எடுப்பதற்கு முன்னால் ஏதாவது இரும்பைத் தொட்டுக்கொள். பிராசசர் உள்ளங்கையில் அடங்குகிற சதுரம். அதன் மூலையில் ஒரு பொன் முக்கோணம் இருக்கும், போர்டிலும் ஒரு முக்கோணம் இருக்கும். இரண்டும் ஒரே மூலைக்கு வர வேண்டும். அழுத்தாதே. சரியாக வைத்தால் அதுவே விழுந்து உட்காரும். அதன் மேல் சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட், நடுவில் ஒரு பட்டாணி அளவுக்கு மட்டும். நீ எதையும் தாராளமாகத் தடவுகிறவள், அதனால்தான் சொல்கிறேன். அப்புறம் சூட்டை இறக்குகிற கூலரை வைத்து நான்கு திருகாணியையும் குறுக்குக்குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு.

மற்றதெல்லாம் அததற்கென்று ஒரு வாய் இருக்கும். தப்பான வாயில் தப்பான கேபிள் நுழையாது. அதை நம்பு.

செய்வாய்தானே?

உன் தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள வாலு,

செய்துவிட்டேன். ஆனால் வந்து பார்த்தால் என்னைத் திட்டுவாய்.

பிராசசர் நீ சொன்னபடியே விழுந்து உட்கார்ந்தது. அந்த நொடியில் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது, யாரையோ தொட்டிலில் போட்ட மாதிரி. பேஸ்ட் பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிசாகப் போய்விட்டது. அவரைக்கொட்டை என்று வைத்துக்கொள்.

தொல்லை எல்லாம் கேபிளில்தான். கரண்ட் கொடுக்கிற அந்தப் பவர் சப்ளையிலிருந்து இத்தனை வால் வெளியே வரும் என்று நீ சொல்லவே இல்லையே! எனக்குத் தேவைப்பட்டது பாதி, மீதி சும்மாவே தொங்குகிறது. ஒன்றை இழுத்தால் மூன்று கூடவே வருகிறது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர்ப் பெட்டிக்குள் திணித்தேன், பக்கக் கதவு மூடவில்லை. முழங்காலால் அழுத்தினேன், அப்போதும் மூடவில்லை. அவசரத்துக்குப் பயணப்பெட்டி கட்டினவள் மாதிரி அதன் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளையடிக்கிற ஆள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது கம்ப்யூட்டரா, நூடுல்ஸா?" என்றான். இந்த வீட்டில் நான் சிரித்து வெகு நாளாயிற்று. அவன் வேலை முடித்துப் போன பிறகு அதையே நினைத்து இன்னொரு தடவை சிரித்தேன். தனியாகச் சிரித்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

கேபிளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அவரைக்கொட்டை அளவு என்றால் பரவாயில்லை. ஓரத்தில் வழிந்தால் மட்டும் துடைத்துவிடு.

கேபிளைப் பற்றிச் சொல்கிறேன், கவனமாகப் படி. பெட்டிக்கு நீ திறந்த கதவு மாதிரியே எதிர்ப்பக்கமும் ஒரு கதவு உண்டு. அதைத் திற. மதர்போர்டு உட்கார்ந்திருக்கிற தகட்டின் முதுகு தெரியும். அந்த முதுகுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு விரல் இடம். எல்லா ஒயரும் குடியிருக்க வேண்டிய இடம் அதுதான். முன்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்று, தகட்டில் இருக்கிற ஓட்டை வழியாகப் பின்னால் கொண்டுபோய், எங்கே தேவையோ அங்கே மட்டும் முன்னால் எட்டிப் பார்க்க விடு. வேண்டாத வால்களைச் சுருட்டிக் கீழே பவர் சப்ளைக்குப் பக்கத்தில் படுக்கவை.

கட்டுவதற்கு, ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டை வாங்கு. பிளாஸ்டிக் டை போட்டால் பிறகு வெட்ட வேண்டும், வெட்டும்போது ஒயரும் வெட்டுப்படும். வளைவில் நசுக்காதே. சிவப்பு, கறுப்பு, மஞ்சள் ஒயர் மூன்றும் ஒரே கட்டில் போகலாம்.

முன்பக்கம் வெறிச்சென்று இருக்க வேண்டும் அக்கா. காற்று போகும் வழியில் எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. அதுதான் கணக்கு.

உன் தம்பி


மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் பாதி கறுப்பு மை பூசி வந்தது. "ஒயர்" என்ற சொல் வருகிற இடமெல்லாம் ஜெயிலில் அடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. "சிவப்பு" என்ற சொல்லுக்கு அப்புறம் அந்த வரியே காணோம். மிச்சமிருந்ததைக் கோத்துப் படித்து நானாகவே செய்தேன்.

செய்தேன் என்றா சொன்னேன்? அழகாகச் செய்தேன்! ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ஒவ்வொரு கேபிள் நுனியிலும் எங்கள் ரத்த மாதிரிக் குழாய்க்கு ஒட்டுகிற சீட்டை ஒட்டி, எது எங்கே போகிறது என்று எழுதிவிட்டேன். இப்போது முன்பக்கம் பார்த்தால் ஒரு ஒயர்கூடத் தெரியவில்லை. பின்கதவு முதல் தடவையே மூடிக்கொண்டது.

பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. உயிர் போய்விட்டது எனக்கு. மறுபடி எல்லாவற்றையும் தடவிப் பார்த்தால், பவர் சப்ளையின் பின்னால் ஒரு குட்டி சுவிட்சு அணைந்தே இருந்தது. அதைப் போட்டதும் உள்ளே ஒரு மூச்சு. ஃபேன்கள் ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தன.

பார் பார் என்று திரும்பினேன். திரும்பிய பிறகுதான் வீட்டில் யாருமில்லை என்று உறைத்தது.

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவர் வந்து விண்டோஸ் போட்டுக்கொடுத்தார். ஓடுகிறது தம்பி. நீ வாங்கிவைத்தது ஓடுகிறது.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. தச்சுக்கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "பார் பார் என்று திரும்பினேன்" என்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

கறுப்பு மைக்குக் காரணம் கேள். கடிதம் படிக்கிற அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, சிவப்பு ஒயருங்கிற, கறுப்பு ஒயருங்கிற. அக்காவுக்குக் குண்டு செய்யச் சொல்லித் தர்றியா?"

"கம்ப்யூட்டர் சார்."

"கம்ப்யூட்டர கடையில வாங்கலாமே?"

அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "என் பொண்டாட்டி கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஓடுதுப்பா, அதுக்கு என்ன பண்ணலாம்?" என்றார். தூசி தட்டச் சொன்னேன். இனி மை பூச மாட்டார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். புதிதாக வந்தவன் ஒருவன், வெளியே செல்போன் கடை வைத்திருந்தவன். நம் பிராசசர் பெயரைச் சொன்னேன். "அதுவா? இப்ப போனே அதைவிட வேகம்ணே" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஓவர்க்ளாக் செய்ய வேண்டும். கம்பெனி அதை இந்த வேகத்துக்கு மேல் ஓட வேண்டாம் என்று கட்டிப்போட்டிருக்கிறது, நாம் கட்டை அவிழ்க்கிறோம். கம்ப்யூட்டர் போடும்போதே டெலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டிரு, பயாஸ் என்று ஒரு திரை வரும். அதில் மல்டிப்ளையர் என்று வேகத்தைப் பெருக்குகிற எண் ஒன்று இருக்கும். இப்போது 34 இருக்கும், அதாவது 3.4 கிகாஹெர்ட்ஸ். ஒவ்வொன்றாக ஏற்று. ஒவ்வொரு தடவையும் சோதனை மென்பொருளைப் போட்டு, முழு வேலை கொடுத்து, சூடு எவ்வளவு என்று பார். எண்பதைத் தாண்டாமல் இருக்க வேண்டும். 44 வரை போகும் என்று அந்தக் காலத்திலேயே படித்திருக்கிறேன்.

நான் உள்ளே இருந்த வருஷங்களை அதாவது ஓடிப் பிடிக்கட்டுமே.

உன் தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

நீ சொன்ன மாதிரியே ஒவ்வொன்றாக ஏற்றினேன். 42-இல் சூடு எழுபத்தெட்டு. அத்தோடு விட்டிருக்க வேண்டும். 44 போட்டேன். விடுமுறை நாள், மத்தியான நேரம். சோதனையைப் போட்டதும் ஃபேன்கள் எல்லாம் கதறின. எங்கள் கூடத்தில் ரத்தம் சுற்றுகிற இயந்திரம்கூட அப்படிக் கத்தாது. அந்தச் சத்தத்திலும் வாசல் மணி கேட்டது. மாடி வீட்டுக்காரர்.

"என்னங்க, வீட்டுக்குள்ள விமானம் எதாவது இறங்குதா?"

"இல்லைங்க, கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர் எதுக்குங்க இப்படி மூச்சு வாங்குது?"

அவர் காது ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர். காதில் கருவியை மாட்டிவிட்டு, இது கேட்கிறதா அது கேட்கிறதா என்று பரிசோதிப்பது அவர் தொழில். "நாள் முழுக்க சன்னமான சத்தத்தையே கேட்டுட்டு வர்றேன். வீட்டிலயாவது என் காதுக்கு லீவு வேணுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகிவிட்டது. அப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை. பொத்தானை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது.

உன்னை ஒன்று கேட்கிறேன். எதுவும் அததன் வேகத்தில் ஓடினால் உனக்குப் போதாதா? நீ காரை எடுத்த அன்றைக்கு மழை. மெதுவாகப் போடா என்று அம்மா வாசல் வரைக்கும் வந்து சொன்னாள். நீ அந்தக் காரை மெதுவாக ஓட்டியிருந்தால் அந்த மருந்துக்கடைக்காரர் இன்றைக்கும் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். இடித்த பிறகு நின்றாவது பார்த்திருக்கலாம். மறுநாள் நீயாகவே போய் ஸ்டேஷனில் நின்றாய், அது வேறு. அன்றைக்கு நீ நிற்கவில்லை.

கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். கிழிக்கவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிடு. மதர்போர்டில் வட்டமாக, நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். நகத்தால் நெம்பி எடு. ஒரு டீ குடித்துவிட்டு வந்து திரும்ப வை. நீ ஏற்றியதெல்லாம் அதற்கு மறந்துபோய், பிறந்தபோது இருந்த வேகத்துக்கு வந்துவிடும். ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. பிறகு 42 போதும்.

நீ கேட்டதைத்தான் நீதிபதியும் கேட்டார். நீ கேட்காமலேயே இருந்துவிடுவாயோ என்றுதான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன்.

தொடர்ந்து எழுது. சூடு எவ்வளவு என்று மட்டும் எழுதினால்கூடப் போதும்.

உன் தம்பி


மே 25

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். ஒருத்தி பிரசவ விடுப்பில் போய்விட்டாள், அவள் குழாய்களும் என் தலையில்.

பேட்டரியை எடுத்துப் போட்டதும் எழுந்துவிட்டது. இப்போது நன்றாக ஓடுகிறது. 42-இல்தான் இருக்கிறது. சூடு ஐம்பத்தாறு. முன்பக்கத்து ஃபேனை அவர் மாற்றிக்கொடுத்தார், இன்னும் பெரியது, மெதுவாகச் சுற்றுவது. பின்னால் கேபிள் கட்டையும் ஒழுங்காக இறுக்கினோம்.

போன வாரம் மழை பெய்தது. அப்புறம் விட்டுவிட்டது. அலமாரிக் கதவு ஒன்று தொங்குகிறது, நீ இருந்தால் சரி செய்வாய். வேறென்ன எழுத. நன்றாகச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாகச் சாப்பிடுகிறேன். தண்டனையில் கொஞ்சம் கழித்துக்கொடுக்கிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. ஆகஸ்டில் விடலாமாம். கையில் வரும்வரை நிச்சயமில்லை.

உன் கடிதத்தில் இரண்டு விஷயம் உதைக்கிறது. ஒன்று, ஏப்ரலில் எழுபத்தெட்டு என்றவள் மே மாதக் கடைசியில் ஐம்பத்தாறு என்கிறாய். இங்கே சுவரைத் தொட்டால் கை சுடுகிறது. வெயில் ஏற ஏறப் பெட்டிக்குள் சூடு இறங்காது அக்கா. ஒரு ஃபேனை மாற்றினால் இவ்வளவு இறங்காது. அது 42-இல் ஓடவில்லை. 34-க்கு நீயே இறக்கிவிட்டாய்.

இன்னொன்று, "அவர் மாற்றிக்கொடுத்தார்." எந்த அவர்? வெள்ளையடித்தவரை வெள்ளையடிக்கிற ஆள் என்றாய். கூடத்துக்காரரைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவர் என்றாய். பேரும் இல்லாமல் தொழிலும் இல்லாமல் வெறும் "அவர்" என்று நம் வீட்டில் அம்மா ஒருத்திதான் எழுதுவாள், அதுவும் அப்பாவைப் பற்றி எழுதும்போது.

கோபமாகக் கேட்கவில்லை. சொல்லேன்.

உன் தம்பி


ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

ஆமாம். மாடி வீட்டுக்காரர்தான்.

உன்னிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பொய் எண் எழுதினேன். சூட்டைப் பார்த்துக் கண்டுபிடிப்பாய் என்று யாருக்குத் தெரியும்? மாட்டிக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட.

முதலில் சத்தம் போகவில்லை என்று சொல்ல வந்தார். அப்புறம் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துக் கேட்டார். ஒரு ஃபேனுக்கு அச்சு தேய்ந்திருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிட்டார். அடுத்த வாரம் புது ஃபேன் வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த வாரம் ஒன்றும் வாங்காமல் வந்தார். வேகத்தைக் குறைத்தால் என்னங்க, நீங்க அதுல கடிதாசி டைப் பண்றீங்க, படம் பாக்கறீங்க, அதுக்கு இது போதாதா என்றார். குறைத்தேன். அன்றைக்குப் பெட்டி ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இரண்டு பேரும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதே சத்தமில்லாத வீடுதான், ஆனால் எனக்குத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவைக்கத் தோன்றவில்லை.

நாற்பத்தைந்து தாண்டியவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நீ கேட்க மாட்டாய். கேட்கிறவர்கள் கேட்டுவிட்டார்கள். ஜூலையில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். அவர் கீழே வந்துவிடுவார்.

உன்னைப் பற்றி ஒளிக்கவில்லை. உள்ளது உள்ளபடி சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டார், நாலு நாள் வரவில்லை. தம்பி, அவர் மனைவி போனதும் சாலையில்தான். இடித்தவன் நிற்கவில்லை. இன்றுவரை யாரென்று தெரியாது. திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: "உங்க தம்பி வரட்டும். சாப்பிடட்டும். எப்ப வேணா பாத்துட்டுப் போகட்டும். ஆனா ஒரே வீட்டில, தினம் அந்த முகத்த... என்னால முடியாதுங்க. முடியும்னு சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன்."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நீ ஊகித்திருப்பாய். இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இல்லை, நினைத்துக்கொள். அதுதான் உண்மை.

உன் அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் வாழ்த்து. நிஜமாகவே. அச்சுத் தேய்ந்ததைக் காதால் கண்டுபிடிக்கிறவர் வீட்டுக்கு வருவது நல்லது. நீ பெருமூச்சு விடுவதும் அவருக்குக் கேட்கும்.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் அவராக இருந்தால் "சாப்பிடட்டும்" என்பதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

எனக்கு இடம் இருக்கிறது, கவலைப்படாதே. இங்கே தச்சு சொல்லித்தருகிறவருக்குத் தெரிந்த பட்டறை ஒன்று, வேறு ஊரில். அலமாரி, மேசை செய்கிறார்கள். பட்டறைக்குப் பின்னாலேயே தங்க அறை. ஆகஸ்ட் நிச்சயமாகிவிட்டது. போகிற வழியில் ஒரே ஒரு வேளை வீட்டுக்கு வந்துவிட்டுப் போகட்டுமா? கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும். அந்த அலமாரிக் கதவையும் சரி செய்துவிடுவேன்.

அவருக்குச் சம்மதம் என்றால் மட்டும்.

உன் தம்பி


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அறை சின்னது, ஜன்னல் பெரியது. நானே திறக்கலாம், நானே மூடலாம். முதல் நாள் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம்வரை இருந்துவிட்டுப் போ என்று நீ சொன்னாய். பஸ் போய்விடும் என்றேன். பஸ் ராத்திரிவரை உண்டு என்று மூன்று பேருக்குமே தெரியும்.

நான் உள்ளே வந்ததும் அவர் எழுந்து நின்றார். நான் உட்கார்ந்தேன், அப்போதும் அவர் உட்காரவில்லை. நீ சோறு போட்டாய். மூன்று பேரும் அவரவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டோம். "இன்னும் கொஞ்சம்" என்று நீ கரண்டியோடு வந்துகொண்டே இருந்தாய். மச்சான் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஆனாலும் அவர்தான் கம்ப்யூட்டரின் பின்கதவைக் கழற்றிக் காட்டினார். "பாருங்க, உங்க அக்கா வேலை" என்றார். பார்த்தேன். ஒரு ஒயர்கூட இன்னொன்றின் மேல் ஏறவில்லை. ஒவ்வொரு நுனியிலும் உன் கையெழுத்து. நான் மனசுக்குள் கட்டிவைத்திருந்ததைவிட நன்றாக இருந்தது.

"போட்டுப் பாருங்க" என்று நாற்காலியை எனக்கு விட்டார். பயாஸுக்குள் போய் எந்த வேகத்தில் இருக்கிறது என்று பார்க்க விரல் போனது, ஆனாலும் நான் போகவில்லை. அது ஓடுகிற வேகம் அந்த வீட்டுக்குப் போதும். திரையில், யார் நுழைவது என்று கேட்டு, இரண்டு வட்டம் வந்தது. ஒன்றின் கீழே "வீடு", இன்னொன்றின் கீழே "விருந்தினர்". நான் விருந்தினரை அழுத்தினேன். அது கடவுச்சொல் கேட்கவில்லை. ஒரு மலைப் படம் வந்தது, அவ்வளவுதான், உள்ளே ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் அம்புக்குறியை இப்படியும் அப்படியும் நகர்த்திவிட்டு அணைத்துவிட்டேன்.

குறையாகச் சொல்லவில்லை. அது சரியான பெயர்தான்.

அலமாரிக் கதவை மறந்துவிட்டேன். இனி எழுதுவதற்கும் அதிகம் இருக்காது. கம்ப்யூட்டர் வேலை முடிந்துவிட்டது. நீ பதில் போட வேண்டும் என்றில்லை, சிரமப்படாதே.

உன் தம்பி


செப்டம்பர் 14

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன். சிரமப்படாதே என்று எழுதியிருந்தாயே, அதில் கோபம்.

நீ போன பிறகு அவர் அந்த நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "அவர் நாற்காலி நுனியிலதான் உக்காந்தார், பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன் என்றேன். "நான் நினைச்சு வெச்சிருந்த ஆள் வேற" என்றார். அவர் சொன்ன சொல்லை மாற்றிவிட்டார் என்று நினைக்காதே. மாற்றவில்லை. நானும் வந்து எங்களோடு இரு என்று கூப்பிடப் போவதில்லை. கூப்பிட முடியாது. அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல்தான் அன்றைக்கு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சோற்றையே போட்டுக்கொண்டிருந்தேன்.

எதிரெதிரே உட்கார்ந்தபோது நமக்குப் பேச வரவில்லை, கவனித்தாயா? ஆறு வருஷம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்ட பழக்கமோ என்னவோ. காகிதத்தில்தான் நீ எனக்குத் தம்பியாக இருக்கிறாய். பேட்டரியை நகத்தால் நெம்பு என்று நீ எழுதினால் எனக்கு உன் குரல் கேட்கிறது.

அந்த "விருந்தினர்" நான் வைத்த பெயர் இல்லை. அவரும் வைக்கவில்லை. கூடத்துக்காரர் விண்டோஸ் போட்டபோதே அப்படி வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்களுக்கு அதை அழுத்த அவசியம் வரவில்லை, அதனால் கண்ணிலும் படவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு போய்ப் பார்த்தேன். அந்த வட்டத்தின் மேல் எங்கெங்கோ அழுத்திப் பார்த்தேன். பெயரை மாற்ற எனக்குத் தெரியவில்லை.

அவரிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் மாற்றிக்கொடுப்பார். சொல்லவில்லை. உன்னிடம்தான் கேட்கிறேன். எதை அழுத்த வேண்டும், அழுத்தினால் என்ன வரும், அதற்கப்புறம் எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுது. ஒரே கடிதத்தில் எல்லாம் எழுதிவிடாதே, எனக்குப் புரியாது. முதல் கடிதத்தில் முதல் படி மட்டும் எழுது. அதைச் செய்துவிட்டு நான் எழுதுகிறேன். பிறகு இரண்டாவது.

அவசரம் ஒன்றுமில்லை.

உன் அக்கா